‘ஆக்சிடென்ட்’ என்று எழுதுவதற்கு முன்: நெடுஞ்சாலை மாவட்ட நிருபர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நிருபராகச் சேருகிற யாருக்கும் முதல் வாரமே ஒரு ஆக்சிடென்ட் செய்தி வந்துவிடும். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காரிமங்கலம், தருமபுரி, தொப்பூர் என்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இரண்டு மாவட்டத்தையும் நெடுக்காக வகுந்துகொண்டு போகிறது. போன் வரும், “சார், ஆக்சிடென்ட்” என்பார்கள், நாமும் பத்து நிமிடத்தில் ‘விபத்து’ என்று தலைப்பு வைத்து அனுப்பிவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் அனுப்பினேன்.

அதை நிறுத்த வைத்தது ஒரு அம்மா. பாலக்கோடு பக்கம் ஒரு கொட்டாயில் இருப்பவர். விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற சைக்கிளில் போன அவர் கணவரை ஆள் ஏற்றிப் போகும் ஒரு வேன் அடித்துவிட்டது. ஒரு வருடம் கழித்து, இழப்பீட்டு வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், அப்புறம் நான் எழுதிய நாலு வரிச் செய்தியின் துண்டு, மூன்றையும் பாயில் பரப்பி வைத்தார். செய்தியில் ஒரு இடத்தில் விரலை வைத்து, “எதிர்பாராத விதமாகன்னு போட்டிருக்கீங்களே சார், அந்த வேனு தினமும் அப்படித்தான் வரும். எங்க ஊரே எதிர்பார்த்துக்கிட்டுத்தான் இருந்துச்சு” என்றார்.

எனக்குப் பதில் இல்லை. அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லவில்லை, போலீசும் சொல்லவில்லை, என் கை தானாக எழுதியது. அன்றிலிருந்து இந்த ஒரு சொல்லைப் பற்றிப் படித்ததையும், செய்து பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ‘ஆக்சிடென்ட்’ என்பது நடந்ததைச் சொல்லும் சொல் மாதிரி தெரியும், ஆனால் அது ஒரு தீர்ப்பு. யார் மேலும் தவறில்லை என்று விசாரணைக்கு முன்பே சொல்லிவிடுகிற தீர்ப்பு.

சொல்லின் பூர்வீகம்

இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ஆங்கிலத்து ஆக்சிடென்ட் லத்தீனிலிருந்து வந்தது, அதன் வேரில் இருப்பது ‘விழு’ என்னும் வினை. மேலே வந்து விழுவது, நேர்ந்துவிடுவது என்று பொருள். நம் ‘விபத்து’ வடமொழியிலிருந்து வந்தது, அதன் வேரிலும் விழுதல்தான் இருக்கிறது. இரண்டிலும் ஏதோ ஒன்று விழுகிறது. தள்ளிவிட்டவர் என்று ஒருவர் இரண்டு சொல்லிலும் இல்லை.

1896 ஆகஸ்ட் 17 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பகுதியில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் மோட்டார் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி என்று அவரைச் சொல்கிறார்கள். விசாரணையில் வந்த முடிவு, தற்செயலான மரணம். சாலை மரணங்களின் கதை அங்கேயே, அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது.

அதற்கு எதிர்ப்பு பத்திரிகைக்கு வருவதற்கு முன்பே மருத்துவர்களிடமிருந்து வந்தது. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் தன் பக்கங்களில் ‘ஆக்சிடென்ட்’ என்ற சொல்லுக்குத் தடை போட்டது. பெரும்பாலான காயங்களும் அவற்றுக்குக் காரணமான நிகழ்வுகளும் முன்கூட்டியே கணிக்கக்கூடியவை, தடுக்கக்கூடியவை, அப்படியிருக்க இந்தச் சொல் எதற்கு என்பது அவர்கள் வாதம். 2013-இல் நியூயார்க் போலீஸ் தன் ஆக்சிடென்ட் புலனாய்வுப் பிரிவின் பெயரை ‘கொலிஷன்’ (மோதல்) பிரிவு என்று மாற்றியது. 2016-இல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் எழுத்து நடைக் கையேட்டில் ஒரு குறிப்பைச் சேர்த்தது, அதுதான் நமக்கு நேரடியாகப் பயன்படுவது: கவனக்குறைவு என்று யாராவது குற்றம்சாட்டியிருந்தாலோ, அது நிரூபணமாகியிருந்தாலோ ‘ஆக்சிடென்ட்’ என்ற சொல்லைத் தவிருங்கள், பொறுப்பாளியை அது விடுவிப்பதாகச் சிலர் படிக்கக்கூடும், ‘க்ராஷ்’, ‘கொலிஷன்’ போன்ற சொற்களைப் பயன்படுத்துங்கள்.

கவனியுங்கள், அவர்கள் சொல்லையே தடை செய்யவில்லை. எப்போது தவிர்க்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். நானும் அந்த அளவில்தான் நிற்கிறேன்.

முதல் படி: சட்டம் எதை ஆக்சிடென்ட் என்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளிநாட்டுக் கையேடு நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 18-ஆம் பிரிவு. தற்செயலாக நடந்தது குற்றமாகாது என்கிறது, ஆனால் அதற்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: செய்த காரியம் சட்டப்படியானதாக இருக்க வேண்டும், செய்த முறையும் சட்டப்படி இருக்க வேண்டும், குற்ற எண்ணம் இருக்கக் கூடாது, அதோடு உரிய கவனமும் எச்சரிக்கையும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். உரிய கவனத்தோடு செய்தும் நடந்துவிட்டால்தான் சட்டத்தின் கண்ணில் அது ஆக்சிடென்ட். அதே நாளில் போலீஸ் ஸ்டேஷனில் பதிவாகும் வழக்கோ பெரும்பாலும் அதே சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, அதாவது பொது வழியில் அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியது. அல்லது 106-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தது, ஐந்து வருடம் வரை சிறை. 2024 ஜூலை 1-க்கு முன் பழைய தண்டனைச் சட்டத்தில் இவை 279, 304ஏ. போலீஸ் கவனக்குறைவு என்று வழக்குப் போட்டிருக்கிறது, நாம் விபத்து என்று தலைப்பு போடுகிறோம், இரண்டும் ஒரே பக்கத்தில் ஒரே செய்தியில் வருகிறது. நம் தலைப்பு டிரைவருக்கு முன்ஜாமீன் கொடுப்பது போல நிற்கிறது.

ஆக, எழுத உட்காருவதற்கு முன் ஸ்டேஷனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எந்த செக்‌ஷன்ல போட்டிருக்கீங்க சார்?” எஃப்ஐஆர் இன்னும் போடவில்லை என்றால், போடவில்லை என்றே எழுதலாம்.

இரண்டாம் படி: பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு வினைச்சொல்லைப் போடுங்கள்

‘விபத்தில் ஒருவர் பலி’ என்பதில் செய்தியே இல்லை. என்ன நடந்தது? மோதியதா, கவிழ்ந்ததா, உரசியதா, ஏறி இறங்கியதா, பள்ளத்தில் பாய்ந்ததா? தமிழில் இதற்கெல்லாம் வினை இருக்கிறது. ‘க்ராஷ்’ என்பதற்கு ‘மோதல்’ என்று போடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ‘பாப்பாரப்பட்டியில் மோதல், 3 பேர் காயம்’ என்று போட்டால் படிக்கிறவர் இரண்டு கோஷ்டி அடித்துக்கொண்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் தேடுவதை விட்டுவிட்டு ‘மோதி’, ‘மோதியதில்’ என்று வினையிலேயே நில்லுங்கள்.

இங்கேதான் நம் மொழியின் நுட்பம் கைகொடுக்கிறது. இந்த மூன்று தலைப்பையும் பாருங்கள்.

லாரி மோதி இளைஞர் பலி.
லாரி மீது பைக் மோதி இளைஞர் பலி.
லாரியும் பைக்கும் மோதிக்கொண்டதில் இளைஞர் பலி.

முதலாவதில் லாரி வந்து மோதியது. இரண்டாவதில் பைக் போய் மோதியது, ‘மீது’ என்ற ஒரு சின்னச் சொல் பழியை இறந்தவர் தலையில் வைத்துவிட்டது. மூன்றாவதில் ‘கொள்’ வந்து இரண்டும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆங்கிலப் பத்திரிகை மேசைகளிலும் இதே மாதிரி ஒரு பழைய விதி உண்டு: இரண்டுமே ஓடிக்கொண்டிருந்தால்தான் ‘கொலிஷன்’, நின்றுகொண்டிருந்த மரத்தோடு கார் ‘கொலைட்’ ஆக முடியாது என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். நமக்கு அந்த வேறுபாடு ‘மோதி’, ‘மோதிக்கொண்டு’ என்று இலக்கணத்திலேயே இருக்கிறது. யார் யார் மேல் மோதினார் என்று தெரியாத முதல் ஒரு மணி நேரத்தில் மூன்றாவது வடிவம்தான் பாதுகாப்பு. தெரிந்த பிறகு மாற்றுங்கள்.

‘மீது’ போடும்போது இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். ‘நின்றிருந்த லாரி மீது கார் மோதி’ என்ற செய்தி நம் நெடுஞ்சாலையில் அடிக்கடி வருகிறது. படித்தால் கார்க்காரர் தூங்கிவிட்டார் என்று தோன்றும். ஆனால் லாரி எங்கே நின்றது? லாரி நிறுத்த ஒதுக்கிய பே-யிலா, சாலையின் ஓடுபாதையிலா? பார்க்கிங் லைட் எரிந்ததா, பின்னால் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இருந்ததா, பழுதான வண்டி என்றால் முக்கோணப் பலகை வைத்தார்களா, அல்லது நம் ஊர் வழக்கப்படி நாலு கல்லும் ஒரு மரக்கிளையும்தானா? ஆபத்தான நிலையில் வண்டியை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவே தடுக்கிறது. இதில் இரண்டு விவரம் கிடைத்தாலும் அது செய்திக்குள் போக வேண்டும், இல்லையென்றால் ‘மீது’ பொய் சொல்லும்.

மூன்றாம் படி: ஒட்டிக்கொண்டு வரும் சொற்களைத் தட்டிவிடுங்கள்

‘விபத்து’ தனியாக வராது, கூட்டத்தோடு வரும். இந்தக் கூட்டத்தைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

‘எதிர்பாராத விதமாக’. யார் எதிர்பார்க்கவில்லை? நாமா, டிரைவரா, இறந்தவரா? இதுவரை யாரும் எனக்கு அதைச் சான்றோடு சொன்னதில்லை. முழுமையாக வெட்டுங்கள்.

‘கட்டுப்பாட்டை இழந்த லாரி’. லாரிக்குக் கட்டுப்பாடு கிடையாது, டிரைவருக்குத்தான் உண்டு. ஏன் இழந்தார் என்பதுதான் செய்தி. டயர் வெடித்ததா, பிரேக் பிடிக்கவில்லையா, தூக்கமா, போனா, குறுக்கே ஆள் வந்ததா? தெரியவில்லை என்றால் ‘தடுப்பில் ஏறி எதிர்ச்சாலைக்கு வந்த லாரி’ என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘தறிகெட்டு ஓடிய’ என்பதும் இந்தச் சாதிதான்.

‘கண்ணிமைக்கும் நேரத்தில்’. அந்த வண்டி சுங்கச்சாவடி தாண்டியதிலிருந்தே வேகமாக வந்திருக்கலாம், டிரைவர் முந்தைய நாள் இரவிலிருந்தே தூங்காமல் இருந்திருக்கலாம். காரணம் மணிக்கணக்கில் சேர்ந்து வருவது, மோதல்தான் நொடியில் நடக்கிறது.

‘கோர விபத்து’, ‘அப்பளம் போல் நொறுங்கியது’, ‘ரத்த வெள்ளத்தில்’, ‘தலை நசுங்கி’. இவை வேறு வகைத் தவறு. இறந்தவரின் பிள்ளை பத்து வருடம் கழித்து இணையத்தில் அப்பா பெயரைத் தேடுவான். அந்த ஒரு நினைப்பு போதும் எனக்கு. ‘தலையில் பலத்த காயமடைந்து’ என்றால் அதே தகவல் போய்ச் சேருகிறது.

‘பரிதாபமாக’. பரிதாபம் படிக்கிறவருக்கு வர வேண்டும், நாம் எழுதி வைப்பதால் வராது.

‘டிரைவர் தப்பியோட்டம்’. இதில் மட்டும் நிதானமாக இருங்கள். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே, கும்பலின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாவிட்டால் என்று ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. ஓடியவர் நேராக அடுத்த ஸ்டேஷனில் போய்ச் சரணடைந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ‘டிரைவர் சம்பவ இடத்தில் இல்லை’ என்று எழுதி, மறுநாள் விசாரித்து மீதியை எழுதலாம்.

ஆங்கிலப் பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டு ஆங்கிலத் தலைப்புகளில் ‘ரோடு மிஸ்ஹாப்’ என்று ஒன்று ஓடுகிறது. இடம் மிச்சம் என்பதால் எடிட்டர்களுக்குப் பிடிக்கும். கால் இடறுவதற்குச் சொல்லும் சொல்லை மூன்று பேர் சாவுக்குப் போடாதீர்கள்.

நான்காம் படி: இடத்துக்குப் போங்கள், குனிந்து பாருங்கள்

தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்கிறேன், நம் எல்லோருக்கும் தெரிந்த இடம். தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் சாலை மளமளவென்று இறங்குகிறது. 2020 டிசம்பர் 12 அன்று ஒரு லாரி அடுத்தடுத்துப் பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மீது மோதியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்ததில் மறுபடி 4 பேர். இரண்டு முறையும் தலைப்பில் ‘விபத்து’. ஒரே சரிவில், ஒரே திசையில், ஒரே மாதிரி நடந்துகொண்டே இருப்பதை நேர்ந்துவிட்டது என்று எத்தனை தடவை எழுதுவது?

அங்கே போனால் முதலில் தார்ச்சாலையைப் பாருங்கள். பிரேக் பிடித்த வண்டி கருப்பாக ஒரு தடம் விட்டுப் போயிருக்கும். தடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காலடி வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என் காலடிக்கு முக்கால் மீட்டர் என்று நான் வைத்திருக்கிறேன். தடமே இல்லை என்றால் அதுவும் தகவல்தான்: பிரேக் மிதிக்கப்படாமல் இருந்திருக்கலாம், அல்லது மிதித்தும் பிடிக்காமல் போயிருக்கலாம். தீய்ந்த ரப்பர் மாதிரி ஒரு வாடை வந்தால் பிரேக் காய்ந்துபோயிருக்கிறது என்று பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவரே சொல்லிவிடுவார். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் இந்தச் சரிவில் இருப்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், நியூட்ரலில் இறங்கினால் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும், சூடேறிப் பிடிப்பு போய்விடும். இதை ஒரு வரியில் எழுதினாலே படிக்கிற இன்னொரு டிரைவருக்கு அது ஒரு எச்சரிக்கை.

ஆனால் அந்த டிரைவர் நியூட்ரலில்தான் இறக்கினார் என்று நீங்களாக எழுதக் கூடாது. ‘போலீசார் முதற்கட்ட விசாரணையில் தெரிவித்தனர்’ என்று சொன்னவரோடு சேர்த்து எழுதுங்கள். போலீசும் சொல்லவில்லையா, விட்டுவிடுங்கள். ‘விபத்து’ என்பது அவசரத் தீர்ப்பு என்றால் ‘டிரைவரின் அலட்சியத்தால்’ என்று நாமே போடுவதும் அவசரத் தீர்ப்புதான். தூக்கமில்லாமல் இரண்டு நாளாக ஓட்டிவந்த டிரைவருக்கு மேலே, லோடு எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று சொன்னவர் ஒருவர் இருப்பார். பிரேக் லைனிங் மாற்ற வேண்டும் என்று கேட்டும் அடுத்த டிரிப்புக்குப் பார்க்கலாம் என்ற ஓனர் இருக்கலாம். தேடிப் பாருங்கள், கிடைத்தால் எழுதுங்கள்.

சாலையையும் கேள்வி கேளுங்கள். வடிவமைப்பும் பராமரிப்பும் தரப்படி இல்லாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198ஏ பிரிவு வந்திருக்கிறது. ‘பிளாக் ஸ்பாட்’ என்ற சொல்லைக்கூட நாம் சும்மா போட்டுவிடுகிறோம், அதற்கு ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறை இருக்கிறது: சுமார் 500 மீட்டர் நீளத்தில், மூன்று வருடத்தில் உயிரிழப்போ படுகாயமோ உண்டான 5 நிகழ்வுகள், அல்லது மூன்று வருடத்தில் 10 மரணங்கள். அந்த இடம் பட்டியலில் இருக்கிறதா என்று நெடுஞ்சாலை அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால், அங்கே அடுத்து நடந்ததை யாரும் எதிர்பாராதது என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: சாலைக்கு வெளியேயும் இதே கண்ணோடு பாருங்கள்

2023 ஜூலை 29, கிருஷ்ணகிரி பழையபேட்டை. பட்டாசு குடோன் இருந்த இடத்தில் வெடித்து 9 பேர் இறந்தார்கள். அன்று எல்லோரும் ‘வெடிவிபத்து’ என்று எழுதினார்கள். சிலிண்டர் என்று ஒரு பேச்சு, பட்டாசு என்று ஒரு பேச்சு, காரணம் பற்றிப் பல நாள் வாதம் நடந்தது. காரணமே முடிவாகாதபோது ‘வெடித்தது’ என்பது மட்டும்தான் நமக்கு உறுதியாகத் தெரியும். ‘வெடித்துச் சிதறியதில் 9 பேர் உயிரிழப்பு’ என்றால் எந்தக் காரணம் பின்னால் வந்தாலும் அந்தச் செய்தி பொய்யாகாது. அதே வருடம் அக்டோபர் 7-ஆம் தேதி ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது, அரூர் பக்கத்து அம்மாபேட்டையிலிருந்து தீபாவளி சீசன் வேலைக்குப் போன பையன்கள் பலர் திரும்பி வரவில்லை. எத்தனை வாசல் இருந்தது, லைசென்ஸ் எவ்வளவு சரக்குக்கு, உள்ளே எவ்வளவு இருந்தது என்ற கேள்விகள் ‘தீ விபத்து’ என்ற இரண்டு சொல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில் 3 யானைகள் செத்துக் கிடந்தன. ‘மின்வேலியில் சிக்கி’ என்று எழுதினோம். சிக்கி என்றால் தவறு யானையுடையது என்று ஆகிவிடுகிறது. சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலி அது, ஒருவர் கைதும் ஆனார். ‘சட்டவிரோத மின்வேலியில் மின்சாரம் பாய்ந்து’ என்றால் முழுதாகச் சொன்னதாகும். ‘கிணற்றில் தவறி விழுந்து’ என்பதும் இப்படித்தான். தவறி விழுந்தார் என்று யார் பார்த்தது? தடுப்புச்சுவர் இருந்ததா?

இதற்கெல்லாம் நேர் எதிராக, நம் ஊர் சரியாகப் பெயர் வைத்த ஒரு கொடுமையும் உண்டு. 2000 பிப்ரவரி 2 அன்று இலக்கியம்பட்டியில் வேளாண் கல்லூரி மாணவிகள் வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்ததில் மூன்று மாணவிகள் இறந்தார்கள். அதை யாரும் பஸ் தீ விபத்து என்று சொன்னதில்லை, ‘தருமபுரி பஸ் எரிப்பு’ என்றுதான் இன்றுவரை சொல்கிறோம். எரிப்பு என்றால் எரித்தவர் உண்டு. ஒரு செயலுக்கு ஆள் இருக்கிறபோது தமிழ் அதை இயல்பாகவே சொல்லிவிடும், நாம் மறைக்காமல் இருந்தால் போதும்.

ஆறாம் படி: எங்கே ‘விபத்து’ அப்படியே இருக்கலாம்

சட்டப் பெயர்களில் கை வைக்காதீர்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்பது அதன் பெயர். மத்திய அரசின் வருடாந்திரப் புள்ளிவிவரமும் ‘சாலை விபத்துகள்’ என்ற பெயரில்தான் வருகிறது. 2022-க்கான அந்த அறிக்கையின்படி நாட்டில் 1,68,491 பேர் இறந்தார்கள், விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடு முதலிடம். அந்த எண்களை எடுத்தாளும்போது அவர்கள் சொல்லையே போடுங்கள்.

போலீஸ் அதிகாரியின் பேட்டியில் ‘ஆக்சிடென்ட்’ என்றால் மேற்கோளுக்குள் அப்படியே இருக்கட்டும்.

நிஜமாகவே யாருடைய கவனக்குறைவும் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால், தாராளமாக விபத்து என்று எழுதுங்கள். புயலில் மரம் வேரோடு சாய்ந்து ஓடும் பைக் மேல் விழுந்தால், அது பட்டுப்போன மரம் என்று யாரும் முன்பே மனு கொடுத்திருக்காவிட்டால், அது விபத்துதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டார் முன்னால் இந்தப் பாடத்தை எடுக்காதீர்கள். “எங்கப்பா ஆக்சிடென்ட்ல போயிட்டாருண்ணா” என்று ஒரு பெண் சொன்னால், “ஆமாம்மா” என்பதுதான் பதில். இந்த வழிகாட்டி நம் கீபோர்டுக்கு மட்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பிணவறை வாசலில் நிற்கும்போது கேள்விகளைக் குறைத்துக்கொண்டு, முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைத் திட்டம் ‘இன்னுயிர் காப்போம்’ பற்றியோ, அடித்த வண்டி எது என்று தெரியாவிட்டாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்க வழி இருப்பதையோ சொல்லிவிட்டு வாருங்கள். நிறைய பேருக்கு அது தெரியாது.

ஒரு செய்தியைத் திருத்திப் பார்ப்போம்

இது பயிற்சிக்காக நானே எழுதிய மாதிரி, உண்மைச் சம்பவம் கிடையாது. வழக்கமாக வரும் செய்திக் காப்பி இப்படி இருக்கும்:

“காரிமங்கலம் அருகே நடந்த கோர விபத்தில் விவசாயி பரிதாபமாக பலியானார். நேற்று மாலை இவர் தனது இருசக்கர வாகனத்தில் சென்றுகொண்டிருந்தபோது, பின்னால் வந்த லாரி எதிர்பாராத விதமாகக் கட்டுப்பாட்டை இழந்து மோதியது. இதில் தூக்கி வீசப்பட்ட அவர் ரத்த வெள்ளத்தில் சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார். விபத்து குறித்து போலீசார் விசாரித்து வருகின்றனர்.”

நான் திருத்தினால்:

“காரிமங்கலம் அருகே தேசிய நெடுஞ்சாலையில் நேற்று மாலை 6.40 மணிக்கு, முன்னால் சென்ற பைக் மீது லாரி மோதியதில் 52 வயது விவசாயி உயிரிழந்தார். சர்வீஸ் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்குள் பைக் ஏறி சுமார் 30 மீட்டர் போயிருந்தபோது லாரி மோதியதாக அங்கிருந்த டீக்கடைக்காரர் கூறினார். சாலையில் பிரேக் தடம் காணப்படவில்லை. அந்த இடத்தில் இருந்த இரண்டு விளக்குக் கம்பங்களிலும் விளக்கு எரியவில்லை. லாரி டிரைவர் மீது, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் போலீசார் வழக்குப்பதிவு செய்துள்ளனர். பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் தெரிவித்ததாக இன்ஸ்பெக்டர் கூறினார். லாரி மோட்டார் வாகன ஆய்வாளரின் சோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது.”

எங்கும் ‘விபத்து’ இல்லை, யாரையும் குற்றவாளி என்றும் சொல்லவில்லை. டிரைவர் தரப்பும் இருக்கிறது, எரியாத விளக்கும் இருக்கிறது. நீளம் கூடிவிட்டது என்று டெஸ்க்கில் சொல்வார்கள். விளக்கு வரியை மட்டும் வெட்ட விடாதீர்கள், மறுநாள் மின்வாரியமும் பஞ்சாயத்தும் ஓடி வருவது அந்த வரிக்காகத்தான்.

கடைசிப் படி: பின்தொடருங்கள்

நாம் ‘விபத்து’ என்று எழுதியதாலேயே பெரும்பாலான செய்திகள் அதே நாளில் செத்துப்போகின்றன. நேர்ந்தது நேர்ந்துவிட்டது, அப்புறம் என்ன இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. ‘வழக்கு’ என்று எழுதிய செய்திக்கு அடுத்த கட்டம் உண்டு: ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சி, தீர்ப்பு, இழப்பீடு.

அதனால் ஒரு தனி நோட்டு போடுங்கள். பக்கத்துக்கு ஒரு வழக்கு. எஃப்ஐஆர் எண், ஸ்டேஷன், பிரிவு, வண்டி ஆய்வுக்குப் போன தேதி, குடும்பத்தில் ஒருவர் போன் எண். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்த நோட்டை எடுத்து ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு போன். சில பக்கங்களில் மூன்று வருடமாக ‘நிலுவை’ என்றே எழுதி வருகிறேன். இந்த மாதம் பென்னாகரம் கோர்ட்டில் இரண்டு வாய்தா இருக்கிறது, பாலக்கோட்டில் ஒன்று.